இரண்டு குழாய்கள்

படகுக்காரர் பட்டறைக்குள் வந்தபோது அவள் ஒரு பழைய வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவசரமான வேலை இல்லை. கை சும்மா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"என்ஜின் ஜோரா ஓடுதும்மா," என்றார். "ஆனா வேகமெடுத்தா படகு மூக்கைத் தூக்குதுல்ல, அப்போ ஆயில் லைட்டு கண்ணடிக்குது. இந்த வயசுல என்னைப் பாத்து யாராவது கண்ணடிச்சா பயமா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "மூக்கு இறங்கினா?"

"அணைஞ்சிடுது."

"நாளைக்குக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

அவர் போனபின் அவள் வெகுநேரம் அந்த வால்வையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனும் அவளும் செய்துவந்த தொழில் ஒன்றுதான். சின்னக் கார்களின் நாலு சிலிண்டர் என்ஜினை வாங்கிப் பிரித்து, பந்தயத்துக்கோ படகுக்கோ ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது. பந்தயத்துக்கு என்றால் உச்ச வேகத்தில் சீற வேண்டும். படகுக்கு என்றால் நாள் முழுக்க நிதானமாக இழுக்க வேண்டும். அடியில் எண்ணெய் தேங்கும் தட்டிலும் வித்தியாசம் உண்டு. படகு மூக்கைத் தூக்கினால் எண்ணெய் பின்னால் ஓடும். அதனால் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாய் பின்பக்கம் இருக்கும். பந்தயக் கார் பிரேக் போட்டால் எண்ணெய் முன்னால் ஓடும். அதன் குழாய்க்கு வாய் முன்பக்கம். இரண்டு குழாய்களும் ஒரே தடிமன், பூட்டுவதற்கு ஒரே மாதிரி இரண்டு துளைகள். மாற்றிப் போட்டாலும் கச்சிதமாகப் பொருந்தும்.

நாலு மாதத்துக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு என்ஜின்களைப் பூட்டினாள். ஒன்று படகுக்காரருக்கு. அவர் படகுக்குப் பலகை மாற்றி முடித்து, போன வாரம்தான் தண்ணீரில் இறக்கினார். மற்றது அண்ணனின் பந்தயக் காருக்கு.

அண்ணனின் என்ஜின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அந்த மாதமே நடந்த பந்தயத்தில், வளைவுக்கு முன் அவன் பிரேக் போட்டபோது பின்சக்கரங்கள் இறுகிப்போய், கார் சுழன்று சுவரில் மோதியது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. மூன்றாம் கியருக்குப் பதில் இரண்டாம் கியரைத் தட்டிவிட்டதால்தான் சக்கரம் இறுகியது என்று அவனே முடிவு கட்டிவிட்டான். அவனுக்குப் 'புயல்' என்று பெயர் வைத்த நண்பர்கள் வந்து, "என்ன, புயல் கரையைக் கடந்துடுச்சா?" என்று கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு யாரையும் வர வேண்டாம் என்றுவிட்டான். என்ஜினையும் பிரிக்க விடவில்லை.

அவள் தார்ப்பாயை விலக்கி, என்ஜினைப் பக்கவாட்டில் சாய்த்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தட்டு வந்தது. குழாயின் வாய் பின்பக்கம் இருந்தது. எண்ணெய் கிடைக்காத பேரிங் கருகி, தண்டோடு ஒட்டிப்போயிருந்தது.

நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பசிப்பது மட்டும் தெரிந்தது.

கையைக் கழுவிக்கொண்டு மாடியேறினாள். அண்ணன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்து, ஓசை நிறுத்திய தொலைக்காட்சியில் யாரோ மீன்தொட்டி கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நீ கியரைத் தப்பாப் போடல."

"ஆறுதல் சொல்ல வந்துட்டியா?"

"என்ஜினைப் பிரிச்சுட்டேன். உன் வண்டியில படகுக் குழாய் இருந்துச்சு. நான்தான் மாத்திப் போட்டிருக்கேன்."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொட்டி கழுவியவர் மீன்களைத் திரும்ப விட்டார்.

"பிரேக் போட்டப்போ எண்ணெய் முன்னால போயிருக்கும்," என்றான், வேறு யாருடைய வண்டியைப் பற்றியோ பேசுவதுபோல. "பேரிங் பிடிச்சு என்ஜின் நின்னிருக்கும். அதான் சக்கரம் இறுகியிருக்கு."

"ஆமா."

"நாலு மாசமா என்னை நானே திட்டிக்கிட்டு இருந்தேன்டி."

"தெரியும்."

"இனிமே உன்னைத் திட்டணுமா?"

"திட்டு."

வாயைத் திறந்தான். வார்த்தை வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடி முடிந்தது.

"இப்போ வரமாட்டேங்குது," என்றான். "நாளைக்குத் திட்டுறேன்."

"சரி," என்று சொல்லிவிட்டு அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். திரையில் மீன்கள் புதுத் தண்ணீரில் அசையாமல் நின்றன.