ஏரோது ராஜாவின் மீசை

முதலியார்பேட்டையில் பிரான்சுவாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவன் மீசையைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆள் என்னவோ மில்லில் தறி ஓட்டுகிற ஒல்லிக்குச்சிதான். மீசை மட்டும் ஐயனாரிடம் இரவல் வாங்கியது போலக் காதைத் தொடும். அதற்கு எண்ணெய் என்ன, முறுக்கல் என்ன! மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மாதா கோயில் வாசலில் போடும் நாடகத்தில், குழந்தை சேசுவைக் கொல்லத் தேடுகிற ஏரோது ராஜா வேஷம் வருஷா வருஷம் அவனுக்குத்தான். பாட்டு வராது, வசனம் மறந்துபோகும். ஆனால் மீசையை ஒரு முறுக்கு முறுக்கினால் முன்வரிசைப் பிள்ளைகள் வீறிட்டு அழும். ஏரோதுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மாதா வேஷம் கட்டும் யூஜினுக்கு அந்த ராஜ வேஷத்தின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

அப்பேர்ப்பட்ட மீசைக்குக் கார்த்திகைப் புயலில் கண்டம் வந்தது.

அவன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. சந்தில் ஒரு தென்னை. இந்தப் பக்கம் விழட்டுமா, அந்தப் பக்கம் விழட்டுமா என்று அது பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. பெண்சாதி அந்தோணிமேரி மூலையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். நம் ராஜா கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் குப்புறக் கிடந்தார். மரம் மடமடவென்று முறிகிற சத்தம் கேட்டதும் தொண்டை கிழியக் கத்தினார்.

"மரியாயே! வூட்டைக் காப்பாத்து! என் மீசையைக் குடுத்துடறேன்!"

மரம் விழுந்தது. இரண்டு வீட்டையும் தொடாமல் சந்துக்குள்ளேயே நீட்டிப் படுத்துக்கொண்டது.

ஆற்றைக் கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. பொழுது விடிந்து காற்று அடங்கியதும் பிரான்சுவா கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு எண்ணெய் தடவினான்.

"இன்னாய்யா இது? மாதாவுக்குக் குடுத்த பொருளுக்கு உனக்கின்னா எண்ணெய்?" என்றாள் அந்தோணிமேரி.

"மாதாவுக்கு எங்கடி குடுத்தேன்? பயத்துல வாய் குழறி 'மாரியாயே'ன்னு வந்துடுச்சி. அது செல்வாம்பா சாமி. அதுக்குக் குடுத்தா பாவசங்கீர்த்தனத்துல பாவத்தைச் சொல்றப்போ சாமியாரு என்னை வறுத்துடுவாரு."

மரியாய் என்றால் மாதா, மாரியாயி என்றால் மாரியம்மன். கூப்பிடும்போது நடுவில் ஒரே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். புயல் காற்றில் அதை எந்தக் காது பிரித்துக் கேட்கும்?

அவன் வாசலுக்கு வந்தால் அங்கே செல்வாம்பாள். "அண்ணே, செவுத்துக்கு அந்தாண்ட இருந்து என் காதால கேட்டேன். எங்க மாரியாயிதான் மரத்தைப் புடிச்சி சந்துல படுக்க வச்சா. ஆத்தா கிட்ட வெளையாடாதே, இன்னிக்கே எறக்கிடு."

"ஐயோ தங்கச்சி, நான் வேதக்காரன்! நான் கூப்புட்டது எங்க மாதாவை," என்று பதறுவது போல ஒரு பாவனை காட்டிவிட்டு நழுவினான். திருட்டுப் பயல்!

ஊரைப் பார்க்கக் கிளம்பினான். மில் வாசலில் இடுப்பளவு தண்ணீர். பெரிய மார்க்கெட் பக்கம் பறந்து வந்த தகரங்களை ஒதுக்கிவிட்டு மீன்காரிகள் கடலை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள். கடற்கரையில் ஒரு கட்டுமரம் ரோட்டைக் கடந்து வெள்ளைக்காரத் துரை வீட்டு வாசலில் விருந்தாளி மாதிரி நின்றது. பிரான்சுவாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

திரும்பி வரும்போது அவன் தெருக்கோடியில், கூட வேலை செய்கிறவன் வீட்டைப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோனது. தன் சந்துத் தென்னை உயரத்துக்கு ஒரு தென்னை கூரையைப் பிளந்துகொண்டு நடுவீட்டில் கிடந்தது. அந்த வீட்டுச் சூசைமேரி இடுப்பில் கைப்பிள்ளையோடு சட்டிபானை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"புள்ள ஓயாம அழுதுச்சிண்ணே. எதிர்வூட்டுக்குத் தூக்கினு போனேன். போய்க் காலை வைக்கல, மரம் வுழுந்துடுச்சி," என்று சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. மரத்துக்கு அடியில் தூளிப் புடவையின் நுனி தெரிந்தது.

தன் சந்துத் தென்னையும் கொஞ்சம் இப்படிச் சாய்ந்திருந்தால் கட்டிலுக்கு அடியில் கிடந்தவன் ஏது, ஜெபமாலை சொன்னவள் ஏது? பிழைத்துக் கிடக்கிறோமே, ஆண்டவரே, பிழைத்துக் கிடக்கிறோமே என்று பிரான்சுவா அங்கேயே விம்மி விம்மி அழுதான். மீசை நனைந்து தொங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரத்தைத் தூக்கக் கூடியிருந்தவர்களோடு தானும் தோள் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தால், விழுந்த தென்னையில் தேங்காய் பறிக்க வந்த அந்தோணிமேரியும் செல்வாம்பாளும் ஒருத்தியிடம் ஒருத்தி பேசி, அவன் ஆளுக்கொரு கதை சொன்னதைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா அண்ணே?" என்றாள் செல்வாம்பாள்.

"தப்புதாம்மா. யாருக்கு வேணும்னாலும் குடுத்துடறேன். கோவிந்தசாமியைக் கூப்புடுங்க."

சண்டைக்கு முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் யாருக்கு என்பது தீர வேண்டாமா? நாவிதர் கோவிந்தசாமி அவனைத் தென்னை மரத்தின் மேலேயே உட்கார வைத்துக் கத்தியைத் தீட்டி, கத்தி மழுங்குகிற வரைக்கும் காத்திருந்தார். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவானது. இதயம் இருக்கிற இடப்பக்கம் மாதாவுக்கு என்றாள் அந்தோணிமேரி. வலதுதான் சுபம், அது ஆத்தாளுக்கு என்றாள் செல்வாம்பாள். இரண்டு பாதியும் இரண்டு பூவரச இலையில் மடிந்து, ஒன்று மாதா சுரூபத்தின் காலடிக்கும் மற்றது மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடிக்கும் போய்ச் சேர்ந்தன.

சேதி கேட்ட அன்றே யூஜின் மீசை வளர்க்க ஆரம்பித்துவிட்டான். திருநாள் நெருங்கியபோது ஏரோது அவன்தான். அப்படியானால் மாதாவுக்கு ஆள்? நாடகம் பழக்கும் உபதேசியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து பிரான்சுவாவிடம் நின்றார். மறுபடி அரும்பியிருந்ததையும் கோவிந்தசாமி வழித்தெடுத்தார்.

திருநாளன்று நீலப் பட்டுப் புடவையில் முக்காடு போட்டுக்கொண்டு பிரான்சுவா மேடையேறினான். மடியில் குழந்தை சேசுவாக, பொம்மைக்குப் பதில் சூசைமேரியின் பிள்ளை. வழக்கமாக அவன் முகத்தைப் பார்த்தால் அலறுகிற ஜாதிதான் பிள்ளைகள். இது கையை நீட்டி அவன் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தது.

"மரியாயே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள் அந்தோணிமேரி.

"மாரியாயே!" என்று தலைக்கு மேல் கை குவித்தாள் பக்கத்தில் இருந்த செல்வாம்பாள்.

கூப்பிட்டது எந்தத் தாயை என்று பிரான்சுவாவுக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வலது கையைத் தூக்கி, இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் ஆசீர்வாதம் கொடுத்து வைத்தான்.