போருக்குப் போன பீரோ

எங்கள் வீட்டு பீரோவைச் சும்மா சாத்திவிட முடியாது. கதவை முக்கால்வாசி தள்ளி, மூச்சைப் பிடித்து, இடுப்பால் ஓர் இடி இடிக்க வேண்டும். 'டமார்' என்று மூடிக்கொள்ளும். உள்ளே தொங்கும் ஹேங்கர்கள் கொஞ்ச நேரம் கிணுகிணுக்கும். இந்தச் சத்தத்துக்காகவே கீழ்வீட்டு அம்மா ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதே சத்தத்துக்குப் பிற்பாடு அவரே கைதட்டினார் என்றால் நம்புவீர்களா?

என் கணவருக்கு ஒரு செய்தி சேனலில் ஒலி சேர்க்கும் வேலை. தெருவில் 'சவுண்டு சார்' என்பார்கள். வீட்டில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். என் தம்பி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம். நர்ஸ் கையுறை மாட்டுவதற்குள் பிறந்தவன். சாப்பாட்டை மெல்லமாட்டான், மாடிப்படியில் ஒன்று விட்டு ஒன்றில்தான் இறங்குவான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டபின் அவனுக்கு நான், எனக்கு அவன் என்று ஆகிவிட்டது. எங்களோடுதான் இருக்கிறான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் போர் தொடங்கியது. விமானத்திலிருந்து எடுத்த படங்களை நம் ராணுவம் சேனலுக்கு அனுப்பியது. சாம்பல் நிறக் கட்டடம் ஒன்று, அதன்மேல் ஒரு கூட்டல் குறி, பிறகு புகை. அவ்வளவு உயரத்திலிருந்து எடுத்த படத்தில் சத்தம் ஏது? சேனலின் செய்தி ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

"ஊமைக் குண்டை யாருய்யா பார்ப்பான்? வீட்ல உக்காந்திருக்கிறவனுக்கு நெஞ்சு அதிர வேண்டாமா?"

கைவசம் இருந்த வெடிச் சத்தங்களை எல்லாம் இவர் போட்டுக் காட்டினார். சினிமா மாதிரி இருக்கிறதென்று ஆசிரியர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். அன்றைக்கு இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் மடித்த துணிகளை வைத்துவிட்டு பீரோவை ஓர் இடி இடித்தேன். மனுஷர் துள்ளி எழுந்தார். கல்யாணப் போட்டோவில்கூட இல்லாத சிரிப்பு அவர் முகத்தில்.

அப்புறம் மைக்கைப் போர்வைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார்.

"இன்னொரு தடவ. கொஞ்சம் கோவமா சாத்தேன்."

"உங்கள நெனச்சுக்கிட்டு சாத்துறேன். கோவம் தானா வரும்."

அந்தச் சத்தத்தை இழுத்து, கனமாக்கி, ஹேங்கர் கிணுகிணுப்பை உடைந்து விழும் கண்ணாடியாக மாற்றிப் படத்தோடு ஒட்டினார். அவ்வளவுதான், சேனல் எங்கேயோ போய்விட்டது. கடை, சலூன், பஸ் என்று எங்கே பார்த்தாலும் என் பீரோதான் வெடித்தது. சிலர் அதை போன் மணியாகவே வைத்துக்கொண்டார்கள். கீழ்வீட்டு அம்மா ஒவ்வொரு வெடிக்கும் கைதட்டினார். எனக்கும் உள்ளூர ஒரு பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது ஒரு சாயங்காலம். அவசரம் டிவி முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"அக்கா, திங்கக்கிழமை பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறாங்க. நான் போறேன்."

"எதுக்குடா? கொசு அடிக்கவே கண்ணை மூடிக்குவியே!"

"அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு கடைல உக்காந்து லென்ஸ் தேய்க்க முடியலக்கா. உடம்பெல்லாம் என்னமோ பண்ணுது."

இருக்கிறது ஒரே தம்பி. அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் விஷயத்தை உடைத்தேன். நம்பவில்லை. பீரோவைச் சாத்திக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"இது பீரோக்கா. அது குண்டு. என்னைப் போக விடாம இருக்க என்ன வேணா சொல்லுவியா நீ?"

"மாமாவையே கேளேன்!"

மாமாவைக் கேட்டான். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் மாமா கூரையைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் பீரோவுக்குள் தள்ளிச் சாத்தியிருப்பேன்.

அவன் மாடியில் துணி துவைக்கப் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு ஏழு மணி செய்தில அந்தப் படத்தை ஊமையாவே விடுங்க. வெறும் புகைதான்னு அவன் பார்க்கட்டும். சூடு தானா ஆறிடும்."

"ஆசிரியர் என்னைக் கொன்னுடுவார்."

"வயர் கழண்டுடுச்சுன்னு சொல்லுங்க. அவன் போயிட்டா நான் உங்கள சும்மா விட்டுடுவேனா?"

ஆசிரியரைவிட என்னிடம்தான் பயம் அதிகம் போல. மறுநாள் வயரைக் கழற்றிவிட்டார்.

நான் அவசரத்தை முன்கூட்டியே பிடித்து உட்கார வைத்திருந்தேன். அதே கட்டடம், அதே கூட்டல் குறி. புகை எழுந்தது. சத்தம் இல்லை. எத்தனையோ தடவை பார்த்த படம்தான். ஆனால் அன்றைக்குத்தான் பக்கத்து மாடி என் கண்ணில் பட்டது. அங்கே ஒரு கொடி. கொடியில் துணி. வரிசையாக, பெரியதும் சின்னதுமாக. புகை வந்த வேகத்தில் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன. யாரோ காலையில் பிழிந்து உதறிப் போட்ட துணி.

"டேய், பார்த்தியா? அங்க கொடில..."

அவன் எங்கே பார்த்தான்? ரிமோட்டை உள்ளங்கையில் தட்டித் தட்டிச் சத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தான். கீழ்வீட்டில் "வெடிக்கலையே!" என்று ஓர் அலறல். தெருவே வாசலுக்கு வந்து ஒருவர் வீட்டில் ஒருவர் விசாரித்தது. சேனலுக்கு போன் மேல் போன். வயர் கழன்றது என்று சொன்னால் சேனலுக்குக் கேவலம் அல்லவா? அரை மணி நேரத்தில் கோட்டு போட்ட செய்தியாளர் மேஜையைக் குத்தினார். எதிரி சதியாம். நம் குண்டுகளைச் செயலிழக்க வைக்கும் புதுக் கருவி அவனிடம் இருக்கிறதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி கண்கலங்கினார். இனி குண்டை நம்பிப் பயனில்லை, ஆட்கள்தான் போக வேண்டும் என்றார்.

வெடிக்காத குண்டுக்குப் புகை எப்படி வந்தது என்று நாட்டில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. என் தம்பி எழுந்து நின்றான்.

"கேட்டியாக்கா? ஆள்தான் வேணுமாம். இனிமே திங்கக்கிழமை வரைக்கும் எல்லாம் காத்திருக்க முடியாது."

கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். இவர் கடைசியில் வாயைத் திறந்தார்.

"அவசரம், நான்தான்டா வயரைக் கழட்டினேன். அது நெஜமாவே பீரோதான்."

"உங்களையும் அக்கா நல்லா தயார் பண்ணி வச்சிருக்கா மாமா," என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

காலையில் சர்டிபிகேட் எடுக்க பீரோவைத் திறந்தான். பையில் திணித்துக்கொண்டு, பழக்கத்தில் கதவை முக்கால்வாசி தள்ளி, இடுப்பால் இடித்தான். டமார். ஹேங்கர்கள் கிணுகிணுத்தன. அப்படியே நின்றான். முதல் தடவையாக அவன் முகத்தில் அவசரம் இல்லை. கதவில் கை வைத்துக்கொண்டு கிணுகிணுப்பு அடங்கும்வரை கேட்டான்.

"அக்கா..." என்றான்.

நான் பக்கத்தில் போனேன்.

"கொஞ்சம் அப்படித்தான் இருக்கு, இல்ல?"

"அதேதான்டா கண்ணா. அதேதான். செருப்பைக் கழட்டு."

வாசலில் கண்ணாடிக் கடைப் பையன்கள் மூன்று பேர் வண்டியோடு நின்று "அவசரம், அவசரம்" என்று கத்தினார்கள். கீழ்வீட்டு அம்மா அவன் நெற்றியைத் தொட்டு ஆசீர்வதிக்கப் படியேறி வந்துகொண்டிருந்தார். தெரு முழுக்க வாசலில் நின்றது. அவன் என்னைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான்.

"இப்ப எப்படிக்கா போய் பீரோன்னு சொல்றது?" என்று சிரித்தான். படியில் இறங்கினான். ஒவ்வொரு படியாக, மெதுவாக.

அன்று சாயங்காலமே சத்தம் திரும்ப வந்துவிட்டது. தெரு கைதட்டியது. நான் டிவியை அணைத்துவிட்டு மாடிக்குப் போனேன். அவன் துவைத்துப் போட்ட நீலச் சட்டை இன்னும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் மறந்துவிட்டான். எடுக்கப் போனவள், சட்டையைத் தொடாமல் முதலில் வானத்தைப் பார்த்தேன்.