சுபநேரத்தில் அடித்த கிளியர்

கண்ணாடி மாதிரி வரும் என்றாய். வந்திருக்கிறது பார். உருகி வழிந்த மெழுகுதிரி மாதிரி ஒரு கண்ணாடி. இதில் எவன் முகம் பார்ப்பான்? நீயே பார். மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கமாகத் தெரியும். உனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும்.

ஜீவராணி இதில் ஒரு சொல்லைக்கூடக் கணவனிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேனின் பக்கத்தில் குந்தியிருந்து, கதவில் வடிந்து நின்ற பூச்சின் தடித்த நுனியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நகம் பதியவில்லை. இறுகிவிட்டது. இனித் தேய்க்கலாம்.

வேன் அழகருடையது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்குத் தலைவர் அவர். திருவிழா ஊர்வலத்துக்கு முன்னால் சாமி படத்தை வைத்து ஓட்டுவதற்காக அதை மெரூன் நிறத்துக்கு மாற்றித் தரும்படி அவளுடைய கணவன் புவனேந்திரனிடம் விட்டிருந்தார். விட்டதோடு நிற்கவில்லை. நேரமும் குறித்துக் கொடுத்தார். நிறத்துக்கு மேலே கடைசியாக அடிக்கும் பளபளப்புப் பூச்சான கிளியர், வியாழக்கிழமை காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் விழ வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு நேரம் பார்ப்பார்கள், வீடு குடிபுகப் பார்ப்பார்கள். பெயின்டுக்கு நேரம் பார்த்த முதல் மனிதர் அழகராகத்தான் இருக்க வேண்டும்.

ஆறரைக்கு அந்த மேட்டில் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பார்த்தால் அவன் பெயின்ட் அடிக்கும் கொட்டகை தெரியாது. அப்படிப் பனி. பதுளை டவுனில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஷுக்ரி நானா, சாமான்களைப் பையில் போடும்போதே சொல்லியிருந்தார். "தம்பி, வெயில் ஏறின பொறகு அடிங்க. குளிர்ல ஒரு பூச்சு இழுக்காம அடுத்ததை அடிச்சா எல்லாம் சேர்ந்து எறங்கிரும்." புவனேந்திரன் தலையாட்டினான். பிறகு அழகரிடம் வந்து அவர் சொன்னதற்கும் தலையாட்டினான். யார் பேசினாலும் தலையாட்டுவதை அவன் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

முதல் பூச்சு காயாமல் ஈரமாகவே நிற்க, நேரம் முடிந்துவிடும் என்ற பயத்தில் அதன்மேல் இரண்டாவதை அடித்தான். தலைவர் வேன் ஆயிற்றே என்று மூன்றாவதைக் கொஞ்சம் தாராளமாக அடித்தான். ஏழரைக்கு ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிளேன் டீ கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கோப்பையோடு கொட்டகைக்குள் வந்தபோது, இடப்பக்கக் கதவில் கிளியர் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே அழகர் பார்க்க வந்துவிட்டார்.

"என்னப்பா இது? மூக்குச் சளி மாதிரி தொங்குது?"

'ஆறரைக்குப் பனிங்க.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இரண்டே சொல். அடுப்படி வாசலில் நின்று ஜீவராணி அதற்காகக் காத்திருந்தாள். புவனேந்திரன் தொண்டையைக் கனைத்தான். வேனைப் பார்த்தான். தன் செருப்பைப் பார்த்தான். கடைசியில் பேசியது அவன் அம்மா வேலாயி.

"பொம்பள பொழங்குற எடம்ங்க ஐயா. தீட்டு பட்டிருக்கும். இவ டீயோட உள்ள போனா, அப்பதான் எறங்குச்சு. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

அழகரின் முகத்தில் வந்த நிம்மதியை இப்போதும் அவளால் கண்முன் கொண்டுவர முடியும். "அப்படிச் சொல்லு! நானும் யோசிச்சேன், நேரத்துல பிழையே வராதேன்னு. கலண்டர்ல ரெண்டு தரம் பாத்தேன்ல."

புவனேந்திரன் அதற்கும் தலையாட்டினான்.

அவளுக்குத் தீட்டு முந்திய வாரமே வந்து போய்விட்டது. அப்போது டவுனுக்குப் போன புவனேந்திரன்தான் தீட்டுப் பஞ்சு பாக்கெட்டைப் பழைய பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் யாரும் பார்க்காமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான்.

கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. கோபப்படுவதற்கு அந்த ஆளிடம் ஏதாவது மிச்சம் இருக்கிறது என்று நம்ப வேண்டும். அவள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவர் தன் கலண்டரைக் காப்பாற்றிக்கொண்டார். ஒருத்தி தன் மகனைக் காப்பாற்றிக்கொண்டாள். அவன் பேசாமல் இருந்தே தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். இவ்வளவு சின்ன ஆட்களுக்கா இத்தனை வருஷம் குரலைத் தாழ்த்திப் பேசினோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் தனக்கும் ஒரு பங்கு இருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை.

இப்போது ஞாயிறு. கொட்டகைத் தகரத்தில் வெயில் விழுந்திருந்தது. வடிசலைச் சுற்றி, நல்ல இடம் கீறுப்படாதபடி டேப் ஒட்டினாள். பிளேடை நிமிர்த்திப் பிடித்துத் தடித்த முகட்டை மட்டும் மெல்லச் சுரண்டினாள். மாவு மாதிரி உதிர்ந்தது. பிறகு டேப்பை உரித்துவிட்டு, பழைய செருப்பின் அடியில் வெட்டிய துண்டில் வோட்டர் பேப்பர் என்ற ஈர உப்புத்தாளைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். கொஞ்சம் தேய்த்து, துடைத்து, தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எங்கேயாவது மினுங்கினால் அங்கே இன்னும் மட்டம் வரவில்லை. எல்லாம் ஒரே மங்கலாக வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். வழியும் தண்ணீர் பால் போல இருக்கும்வரை தேய்வது கிளியர் மட்டும்தான். சிவந்து வந்தால் பூச்சு அறுந்து நிறத்தைத் தொட்டாயிற்று, கதவு முழுக்கத் திரும்பவும் அடிக்க வேண்டியதுதான். புவனேந்திரன் தேய்த்தால் சிவக்கும். அவனுக்கு நிறுத்தத் தெரியாது. அதனால்தான் அவன் வடிய விடுவதையெல்லாம் எடுப்பது அவள் வேலையாயிற்று. வந்த புதிதில் அதை உதவி என்று நினைத்தாள். இப்போது அவளுக்கு அது பிடித்த வேலை. அவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவன் பின்னால் வந்து நின்றான்.

"ராணி, நல்லா வந்திருச்சே."

அவள் பேப்பரை நனைத்தாள்.

"தலைவர் சாயங்காலம் தேங்காயோட வாறாரு. நீ வேனுக்கு முன்னால நின்னு ஒரு வார்த்தை சொல்லி ஒடச்சிரு. அதோட முடிஞ்சிரும்."

"என்ன வார்த்தை?"

"தெரியாம உள்ள வந்துட்டேன்னு."

"நீங்கதானே டீ கேட்டீங்க?"

"அதை இப்ப எதுக்குப் பேசிக்கிட்டு? பொம்பளைங்களுக்கு உள்ளதுதானே. சொன்னா உனக்கு என்ன கொறஞ்சிரும்?"

"எனக்கு அன்னைக்கு ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் புள்ள." குரலைத் தாழ்த்தினான். அதில் பாசம்கூட இருந்தது. "எனக்குத் தெரிஞ்சா போதாதா?"

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். உண்மையாகவே கேட்கிறான். அதைப் பெரிய ஆறுதலாக நினைத்துத்தான் சொல்கிறான்.

"இன்னொண்ணு," என்றான். "இனிமே கன் பிடிக்கிற நாள்ல நீ இந்தப் பக்கம் வரவேணாம்னு அம்மா சொல்லுது. தேய்க்கிற அன்னைக்கு வா. அதுக்கு ஒண்ணும் இல்லையாம்."

"தேய்க்கிறதுக்குத் தீட்டு இல்லையா?"

"அது வேலைதானே."

அவன் போய்விட்டான். கை தன்பாட்டில் தேய்த்துக்கொண்டிருக்க, அவள் யோசித்தாள். இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லித் தேங்காய் உடைத்தால் அது இந்தக் கதவோடு போகாது. இனி அவன் பனியில் அடித்து வடிவதும் மழையில் அடித்து வடிவதும், போன் பேசிக்கொண்டே அடித்து வடிவதும் அவள் உடம்பால் வடிந்ததாகத்தான் இருக்கும். லயம் முழுக்க அவளைக் காட்டிச் சொல்லும். அவன் வயது போய் கை நடுங்கும் காலத்திலும் சொல்லும். அவளோ இதே இடத்தில் குந்தியிருந்து, தன்னுடையது என்று சொல்லப்பட்டதைத் தானே தேய்த்துக்கொண்டிருப்பாள்.

துடைத்துப் பார்த்தாள். ஒரே மங்கல். தண்ணீர் வெள்ளையாகவே வழிந்திருந்தது. இன்னும் மெல்லிய பேப்பரை எடுத்துத் தேய்த்தாள். பிறகு மெருகேற்றும் கொம்பவுண்ட் போட்டுத் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்க்க, மங்கல் விலகிக் கதவு தெளிந்தது. அதில் அவள் முகம் கோணாமல் தெரிந்தது.

மாலையில் அழகர் தாம்பாளத்தோடு வந்தார். கதவைத் தடவினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எங்கப்பா வடிஞ்சிருந்துச்சு? எடமே தெரியலியே! கெட்டிக்காரன்டா நீ."

"ராப்பகலா பாத்தேங்க ஐயா," என்றான் புவனேந்திரன்.

ஜீவராணி அழுக்குத் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் குந்தி, பேப்பர்களை அலசிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் கொம்பவுண்ட் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ராப்பகல் பார்த்தவனின் கையில் பவுடர் வாசம்.

"எங்கம்மா மருமக?" என்று அழகர் வேலாயியிடம் கேட்டார். அவருக்கு நாலடி தள்ளித்தான் அவள் இருந்தாள்.

"அந்தா இருக்காளே. ஏய், கையைக் கழுவிட்டு எந்திரிச்சு வா. சாமி காரியம்."

கற்பூரம் கொளுத்தினார்கள். மஞ்சள் பூசிய தேங்காயை அழகர் அவளுக்கு நேரே நீட்டினார். "புடி தாயி. சொல்லிட்டு ஒடச்சிரு. சாமி ஒண்ணும் நெனைக்காது."

அவள் பேப்பரை உதறினாள்.

"ஆறரைக்குப் பனிங்க ஐயா," என்றாள், பஸ் நேரம் கேட்டவருக்குச் சொல்வது போல.

புவனேந்திரனின் தலை ஆட ஆரம்பித்துப் பாதியில் நின்றது.

"அது இருக்கட்டும்," அழகர் சிரித்துப் பார்த்தார். "நீ ஒடைம்மா. கற்பூரம் அணைஞ்சிரும்."

"ராணி," என்றான் புவனேந்திரன். "ஒரு தேங்காதானே."

"ஆமாங்க, ஒரு தேங்காதான்," என்றாள். "நான் ஒடைக்கல."

அடுத்த பேப்பரை எடுத்து வாளியில் முக்கினாள்.