நெருஞ்சிப் படம்

கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த பூவராகவனுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: புல்லு போட்டோக்காரர். சும்மா வந்த பெயரா அது? கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய மனுஷன் வழியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வரப்பில் குப்புறப் படுத்து, தும்பைப் பூவுக்கு எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் வேறு என்ன பேர் வைப்பார்கள்? எழுபத்தேழாம் வருஷம் அது. தொழிற்பேட்டை வரப்போகிறது என்று நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு மனுப் போடுகிறவர்களின் முகத்தைப் படம் பிடித்தே அவருக்குப் பிழைப்பு ஓடியது. மனசு மட்டும் அந்தக் கல்லைச் சுற்றி முளைத்திருந்த விஷ்ணுகிரந்தியில் கிடந்தது. தினம் போகிற பாதைதான், ஆனாலும் தினம் ஒரு பூ புதிதாகக் கண்ணில் படும். அதில் தப்பொன்றும் இல்லை. தப்பு வேறு இடத்தில் வந்தது.

ஆவணியில் ஒரு காலை, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஏரிக்குப் போகும் மண்பாதை ஓரம் நெருஞ்சி பூத்துக் கிடந்தது. மஞ்சள் மஞ்சளாக, ஒன்று விடாமல் சூரியனைப் பார்த்தபடி. பூவராகவன் கேமராவைத் தரையில் வைத்து அதன் மேல் கவிழ்ந்துவிட்டார். பூவின் மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், தலையில் மீன்கூடையோடு கங்கம்மா. ஏரிக்கரைக் குப்பத்துக்காரி, கடைத்தெருவில் இறால் விற்கிறவள்.

"இன்னா நைனா, இத்தப் போயி போட்டோ புடிக்கிற? கால்ல குத்துற சனியனாச்சே!"

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, நிழல் விழுது."

"எங்க தள்றது? அந்தாண்ட பூரா முள்ளு."

"அட, தள்ளும்மா!"

அவள் தள்ளி நின்றாள். வெறுங்காலோடு முள் மேலேயே நின்றாள். அவர் படத்தை எடுத்து முடித்து, எழுந்து சட்டை மண்ணைத் தட்டினார். கங்கம்மா ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்னையும் ஒண்ணு புடியேன் நைனா. இம்மாம் வயசாவுது, ஒரு போட்டோ எட்த்ததில்ல."

"பிலிம் தீர்ந்துபோச்சும்மா. இன்னொரு நாள் பார்க்கலாம்."

எங்கே தீர்ந்தது? பாதிச் சுருள் உள்ளேதான் இருந்தது. பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம். அதைப் போய் ஒரு கூடைக்காரிக்கா செலவழிப்பது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பொய் அவ்வளவு லேசாக வாயில் வந்தது. அவளும் நம்பிவிட்டாள். "மறக்காத நைனா" என்று சொல்லி, ஒரு காலைத் தூக்கி முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடந்தாள்.

மழைக்காலம் முடிந்த சமயம், குப்பத்திலிருந்து துலுக்காணம் என்கிறவன் கடைக்கு ஓடி வந்தான். "எங்க அக்கா பூட்ச்சி சார். பாடிய எடுக்கறதுக்குள்ள ஒரு போட்டோ புடிக்கணும். சீக்கிரம் வா சார்."

உயிரோடு இருந்தபோது படம் எடுக்காதவர்களை, செத்த பிறகாவது குளிப்பாட்டிப் பூ வைத்து நாற்காலியில் உட்காரவைத்து எடுத்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மூடிய கண்ணை ஸ்டுடியோக்காரர் பிரஷ்ஷால் திறந்து வரைந்து கொடுக்க வேண்டும். பூவராகவன் அதில் கெட்டிக்காரர்.

கேமராவில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். இருந்தாலென்ன, புதுச் சுருள் பையில் இருக்கிறதே என்று துலுக்காணத்தை முன்னே அனுப்பிவிட்டு சைக்கிளை மிதித்தார். வழியில், தேங்கின தண்ணீர் ஓரம் ஊதா நிறத்தில் நீர்முள்ளி, பனி சொட்டச் சொட்ட. சாவு வீட்டுக்குப் போகிற மனுஷனுக்குக் கை சும்மா இருக்கக் கூடாதா? இறங்கினார். அந்த ஒன்றும் போயிற்று.

குப்பத்தில் போய்ப் பையைத் துழாவினால் சுருளைக் காணோம். கிளம்பின அவசரத்தில் கடை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். திகைத்துப்போய் நிமிர்ந்தார். நாற்காலியில், மஞ்சள் பூசிய முகத்தோடு கங்கம்மா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சார் பாத்துக்கினே கீற?" என்றான் துலுக்காணம். "இடுகாடு அக்கரை மேட்டுல கீது. ஏரில தண்ணி வத்தியிருக்கச் சொல்லவே தூக்கினு நடந்துடணும். ஏறிச்சின்னா அவ்ளோதான்."

கடைக்குப் போய் வர நேரமில்லை. கங்கம்மாவின் மகள் செல்லியம்மாள், அம்மாவின் தாடைக்கட்டை அவிழ்த்துவிட்டுத் தலையை நேராகப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். சுற்றிக் குப்பமே நின்றது. பிலிம் இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். அதைத்தான் அவர் ஏற்கெனவே ஒரு தடவை அவளிடம் சொல்லியாயிற்றே! காலிக் கேமராவைத் தூக்கினார். "தலையக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பும்மா" என்றுகூடச் சொன்னார், பாவி மனுஷன். க்ளிக்.

பெண்கள் ஓவென்று அழுதார்கள். துலுக்காணம் மடியை அவிழ்த்தபோது, "சாவு வீட்ல காசு வாங்கறதில்ல" என்று சொல்லி நகர்ந்தார். தங்கமான மனுஷன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

காரியத்துக்கு முன்னால் செல்லியம்மாள் படத்துக்கு வந்தாள். "பிலிம இன்னும் கழுவலம்மா" என்றார். மறுபடியும் வந்தாள். "கண்ணு வரையணும்" என்றார். அப்புறம் அவள் தலை தெருமுனையில் தெரிந்தாலே இருட்டறைக்குள் போய்ப் புகுந்துகொண்டார். வேறொரு கிழவியின் நெகட்டிவை எடுத்து மூக்கையும் உதட்டையும் திருத்திக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தார். யோசித்த பிறகு அவருக்கே குமட்டியது. சோறு இறங்கவில்லை. பாதையோரம் பூவைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் பழைய நெகட்டிவ்களைக் கிளறினார். எதிலாவது தற்செயலாக அவள் முகம் விழுந்திருக்காதா? ஆவணி மாசத்து நெருஞ்சிப் படம் அகப்பட்டது. பூவெல்லாம் துல்லியமாக இருந்தது. ஓரத்தில் ஒரு கால், கணுக்கால் வரைக்கும். வேறொன்றும் இல்லை. அதை அச்செடுத்து வைத்தார்.

அடுத்த தடவை செல்லியம்மாள் வந்தபோது அவர் ஒளியவில்லை. "அம்மாடி, அன்னிக்கு கேமராவுல பிலிமே இல்ல. வெறுமனே அமுக்கினேன்" என்றார்.

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தார். அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா படுக்கையில கெடக்கச் சொல்லகூட உங்களத்தான் சொல்லிக்கினு இருந்திச்சி சார். போட்டோக்காரரு என்னப் புடிக்கறேன்னாரு, கால்ல முள்ளு குத்திச்சே, அன்னிக்கின்னு பிலிம் தீந்துபூட்ச்சி, பாவம்னு. அதுக்கோசரம்தான் பொன்னேரி ஸ்டுடியோவுக்குப் போவாம உங்களாண்ட வந்தோம்."

பாவமாம். அவர் நெருஞ்சிப் படத்தை நீட்டினார்.

சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறியிருந்த அந்தக் காலை அவளுக்குத் தெரியாதா? "எங்கம்மா காலு!" என்று விரலால் தடவினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. தடவிக்கொண்டே இருந்தவள் கை சட்டென்று நின்றது.

"முள்ளு குத்துன அன்னிக்கிப் புடிச்சதா சார் இது?"

"ஆமாம்மா."

"இத்தோடதான் பிலிம் தீந்துச்சா?"

அவளாகவே கதவைத் திறந்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம்.

"இல்லம்மா. பாதிச் சுருள் இருந்துச்சு. உங்கம்மாவுக்குச் செலவு பண்ண மனசு வரல."

அவள் படத்தை அவர் பக்கம் தள்ளினாள். "இந்தப் பூவெல்லாம் வெட்டிட்டு, காலு மட்டும் பெருசாப் போட்டுக் குடு. மாலை போடணும்." சார் என்று சொல்லவில்லை.

அவர் இருட்டறைக்குள் போனார். சிவப்பு வெளிச்சத்தில், தட்டுத் தண்ணீருக்குள் கங்கம்மாவின் கால் மெல்ல மெல்லத் தெரிந்து வந்தது. சொன்னபடி எல்லாப் பூவையும் வெட்டிவிட்டார். பாதத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்த ஒன்றை மட்டும் அவரால் வெட்ட முடியவில்லை.