இரண்டாம் கியர் ஊளையிடுகிறது

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு கியர்பாக்ஸுக்குள்ளே. பழைய ஆயிலை வடித்தபோது கூடவே வந்து விழுந்தது. அந்தக் கியர்பாக்ஸுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேட்காமலிருந்தால் நல்லது.

முதல் தொடக்கம்: "பிஹாவோ மலையில் மூடுபனி இறங்கிய ஓர் அதிகாலையில், ஃபானோரி தன் ஜீப்பின்..."

வேண்டாம். கியர் ஆயில் கதைக்கு மூடுபனி எதற்கு?

இரண்டாவது தொடக்கம்: ஃபானோரியின் பழைய ஜீப் இரண்டாம் கியரில் ஊளையிட்டது. வெள்ளிக்கிழமை ஜீப்காரர் சங்கத்தில் வண்டிச் சோதனை. தேறாத வண்டிக்குத் தடத்தில் ஓட்ட முறை கிடையாது. முறை போனால் மேல்தோட்டத்துக் காபி மூட்டைகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் வேறு யாராவது இறக்குவார்கள். அவள் வீட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

வியாழக்கிழமை அவள் ருபியேலாவின் ஆயில் கடைக்குப் போனாள். (ருபியேலா அவளோடு படித்தவள். வாய் நீளம். எழுதுகிற என் பேச்சையே கேட்பதில்லை.)

"இருக்கிறதிலேயே விலை கூடினதைக் குடு."

"ஏன்டி, லாட்டரி விழுந்துச்சா?"

"என் வண்டிக்கு நல்லதுதான் ஊத்துவேன்."

எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தான். தங்களுக்குக் கிழிந்த சட்டை போதும். ஜீப்புக்கு மட்டும் குறை வைக்க மாட்டார்கள்.

"எதுடி நல்லது? இது புது லாரியோட பின் அச்சுக்கு ஊத்துறது. இதுல இருக்கிற கந்தக மருந்து உன் கியர்பாக்ஸ்ல இருக்கிற பித்தளை வளையத்தை அரிச்சுத் தின்னுடும். உன் ஜீப்புக்கு உன் அம்மா வயசு. அதுக்கு இந்தா, டிராக்டருக்கு ஊத்துற சாதா தொண்ணூறாம் நம்பர் ஆயில். கடையிலேயே மலிவு."

"மலிவுன்னாலே சந்தேகமா இருக்கே."

"உன் புருஷனைக் கட்டுறப்ப இந்தச் சந்தேகம் எங்கடி போச்சு?"

சிரித்து முடித்தபின் ஃபானோரி டிராக்டர் ஆயிலையே வாங்கிக்கொண்டாள்.

4

(மூன்றை எழுதி அடித்துவிட்டேன். அதில் நான் நல்லவனாக இருந்தேன்.)

கடையின் பின்னாலேயே வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸில் ஆயில் வடிக்கும் திருகைக் கழற்றினாள். கறுப்பாக ஆயில் வந்தது. அப்புறம் நார் வந்தது. நாராக, நாராக, வாழைக்காய்த் தோல்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கள்ளத்தனம் இது: ஊளையிடும் கியர்பாக்ஸில் வாழைக்காயைத் தோலோடு மசித்துப் போட்டால் கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்காது. அதற்குள் வண்டியை விற்றுவிடலாம். ஃபானோரி இந்த ஜீப்பை ஈஸ்டருக்கு முன்னால் வாங்கினாள். ஈஸ்டர் முடிந்ததும் ஊளை ஆரம்பித்தது. இத்தனை மாதமும் தன் கைதான் சரியில்லை என்று நினைத்திருந்தாள். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் கூனிக் குறுகிப்போனாள். இப்போது தரையில் படுத்தபடியே அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

"அடப்பாவி! உனக்கு வித்தது யாருடி?" என்றாள் ருபியேலா.

ஃபானோரி ஒரு பெயரைச் சொன்னாள். [பெயரை அடித்துவிட்டேன்.] தோன் எலியேசர் என்று வைத்துக்கொள்ளுங்கள் ('தோன்' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா'). நாளைக்குச் சோதனை செய்து கையெழுத்துப் போடப்போகிறவரும் அவர்தான்.*

"அப்ப நீயும் ஒரு காயை மசிச்சுப் போடு. நாளைக்குத் தப்பிச்சுக்கலாம்."

"மாட்டேன். கத்தட்டும்."

நார்களை ஒரு ஜாம் பாட்டிலில் அடைத்தாள். மலிவு ஆயிலை ஊற்றித் திருகை இறுக்கினாள்.

* இந்த எலியேசர் நிற்கவே மாட்டேன் என்கிறான். தங்கப்பல் வைத்தேன், தொப்பி போட்டேன், மீசையை முறுக்கினேன். கண்ணாடியில் பார்த்தால் அத்தனையும் உதிர்ந்துபோகிறது.

5

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ. ஆயிலை மாற்றியதும் சத்தம் மாயமாக நின்றது. (பொய். தேய்ந்த கியர்ப் பல்லை எந்த ஆயிலும் முளைக்க வைக்காது.)

ஆ. எலியேசர் மனம் திருந்திக் கண்ணீர் விட்டு... (விடுங்கள்.)

இ. உண்மையில் நடந்தது. சோதனைக்காரர் பக்கத்து இருக்கையில் ஏறினார். எதிரே ஜாம் பாட்டில். சந்தை மேட்டில் இரண்டாம் கியர் விழுந்தது. ஊரே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா சத்தம் இது?"

"உங்களுக்குத் தெரியாத சத்தமா, தோன் எவெலியோ?"

எவெலியோ நான்தான். கதை எழுதுவது ஓய்வு நேரத்தில். மற்ற நேரத்தில் சங்கத்தில் வண்டிச் சோதனை. நடுவில் ஒரே ஒரு ஜீப் விற்றேன்.

"ஆயில் சரியானதுதான், மலிவா இருந்தாலும். பித்தளை இன்னும் ரொம்ப நாள் தாங்கும். சத்தம் மட்டும் நீங்க குடுத்தது," என்றாள்.

ஊளையிடும் வண்டியையும் தேற்றலாம். ஆனால் சோதனைத் தாளில் 'சத்தத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பிக் கையெழுத்திட்டு, சங்கக் கதவில் ஒட்ட வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் இத்தனை நேரமாக இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறாள்.

ஆகவே வாசகரே, முடிவை உங்களிடமே விடுகிறேன். இந்தாருங்கள், பேனா.

ஃபானோரி குறுக்கே கையை நீட்டி அதைப் பிடுங்கி என் கையிலேயே திணித்தாள்.

"அவங்க ஏன் எழுதணும்? காயை மசிச்சது நீங்கதானே?"