பரஸ்தானம் வைத்த பை

வெங்கடேசன் மெட்ராஸுக்குப் புறப்பட வேண்டிய வெள்ளிக்கிழமை, பயணத்துக்கு ஆகாத நாள். அதனால் புதன்கிழமையே நல்ல நேரம் பார்த்து அவன் பையைப் பக்கத்து வீட்டு அமீர் பாயின் கூடத்தில் கொண்டுபோய் வைத்தாள் அம்மா பெரியநாயகி. இப்படிப் பரஸ்தானம் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதன்பின் பையும் வீட்டுக்குள் வரக்கூடாது, ஆளும் வரக்கூடாது. அவன் விமானம் ஏறும்வரை வீட்டைப் பெருக்க மாட்டேன் என்று அவளாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

சிங்கப்பூரில் கப்பல் கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டிங் பயிற்சி. கற்கும்போதே சம்பளம். திங்கட்கிழமை மாலைக்குள் மெட்ராஸ் ஏஜெண்டிடம் போய் நிற்காவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு.

வியாழக்கிழமை இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. எண்பத்தேழாம் வருஷம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் ரோட்டில் புளியமரங்களைச் சாய்த்தார்கள். முதல் மரத்துக்கு ரம்பம் பிடித்தவர்களில் வெங்கடேசனின் அப்பா நாராயணசாமியும் ஒருவர். ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நம்பியிருந்தார். வெள்ளிக்கிழமையும் ஒரு பஸ்கூட வரவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பியவர் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். மகன் பாய் வீட்டு முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, சிங்கப்பூர்ல சாப்பாடு எப்டி?"

"கறிக்கொழம்பு. உங்க வூட்ல இன்னா?"

பாயின் மனைவி ஷர்புன்னிசா சிரித்துவிட்டாள். "நீங்க வெட்டின மரத்தால எங்களுக்கு ஒரு புள்ள ஜாஸ்திங்க, அண்ணே. இனிமே அனுப்ப மாட்டோம்."

பெரியநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. "பெத்த புள்ள போற ரோட்ட அடைச்சுட்டு வந்து கேக்கற கேள்வியப் பாரு."

"பாலிடெக்னிக்ல இவனுக்கு எடம் இல்லன்னாங்களே, அதுக்குத்தாண்டி அடைச்சேன்."

"எனக்குத்தான் எடம் கெடைச்சுருச்சேப்பா," என்றான் வெங்கடேசன்.

"உனக்குப் பின்னால வர்றவனுக்கு?"

நாராயணசாமி சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார்.

விடியற்காலையில் கல்வராயன் மலையை மேகம் மூடியிருந்தது. பாய் வீட்டு வாசலில் நாராயணசாமி பையைச் சைக்கிள் கேரியரில் கட்டினார். ஷர்புன்னிசா சப்பாத்திப் பொட்டலத்தை அதன்மேல் செருகினாள். பெரியநாயகி தன் வாசற்படியிலேயே நின்று பார்த்தாள்.

ரோட்டில் சாய்ந்து கிடந்த முதல் மரத்தருகே ஆட்கள் எழுந்து நின்றார்கள். "இன்னா நாராயணசாமி, யாரையும் வுடக்கூடாதுன்னு நேத்து நீதானே கத்துன?"

"பஸ்ஸ வுடாதன்னேன். சைக்கிளு பஸ்ஸா? பேசிக்கினு நிக்காம ஒரு கை புடி."

பிடித்தார்கள். சைக்கிள் மரத்தைத் தாண்டி இறங்கியது. "அங்க இன்னொரு எடம் இருந்தா எங்க பையனுக்கும் சொல்லுடா," என்று ஒருவர் பின்னாலிருந்து கூவினார். அதற்கப்புறமும் மெட்ராஸ் போகும் வழியெல்லாம் மரங்கள். அப்பாவும் மகனும் மாறி மாறி மிதித்தார்கள், தூக்கினார்கள்.

அடுத்த வியாழக்கிழமை நாராயணசாமி தனியாகத் திரும்பி வந்தார். தரையெல்லாம் புழுதி, காலடித்தடம் தெரிந்தது.

"இன்னாடி இது, வூடா இது?"

"ஏறிட்டானா?"

"ஏறிட்டான். பிளேனு கண்ணுக்கு மறையற வரைக்கும் நின்னுட்டுத்தான் வந்தேன்."

பெரியநாயகி துடைப்பத்தை எடுத்தாள். சற்றைக்கெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கமும், இத்தனை நாள் கேட்காதிருந்த பெருக்கும் சத்தம் கேட்டது.