கெர்னலுக்குள் ராகு காலம்

ராகு காலத்தில் கம்ப்யூட்டர் எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. இது எங்கள் முதலாளி பரமேஸ்வரனின் உத்தரவு. 1998இல் மலாக்காவில் அவருடைய லாரி கம்பெனியில் நானும் திவாகரும் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒருவரைத்தான் வைத்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார். ரெம்பியாவில் எங்கள் வீட்டுக்கு என் சம்பளம்தான் சோறு.

“தனி புரோகிராமா எழுதிடலாம் பாஸ். வேணாம்னா நிறுத்திக்கலாம்,” என்றேன்.

“நிறுத்த முடிஞ்சா அது என்ன கட்டுப்பாடு? கெர்னலுக்குள்ளயே போட்டுடலாம்,” என்றான் திவாகர்.

கெர்னல்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். எந்தப் புரோகிராமும் அதனிடம் கேட்டுத்தான் ஓடும். அதற்குள் கண்டதையும் திணிக்கலாமா? தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்.

“கெர்னலுக்கு மணி தெரிஞ்சா போதாதா? நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம் எதுக்குடா?”

“ரொம்ப அலட்டிக்காத லா,” என்றான் திவாகர்.

முதலாளி தீர்ப்புச் சொன்னார்: “உள்ளயே வை. பலமா இருக்கும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஒரு தொழிற்சாலைக்கு டெண்டர் கொடுக்க வேண்டும். முதலாளி கடைசி நேரத்தில் சொன்ன திருத்தத்தை முடித்தபோது பத்தே முக்கால். ராகு காலம் பிறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. பிரிண்ட் கொடுத்தேன். முடியாது என்றது திரை.

“டெண்டரை புதன்கிழமையே சாமி படத்துக்கு முன்னால வச்சு ஆரம்பிச்சாச்சே! இது முடிக்கிறதுதானே. அடி!” என்றார் முதலாளி.

மனிதருக்கு இந்த நெளிவு சுளிவெல்லாம் தெரியும். கெர்னலுக்கு எங்கே தெரியும்? அதற்கு ஒவ்வொரு பிரிண்டும் புதுத் தொடக்கம். திவாகர் தான் போட்டதை எடுத்துவிடப் பார்த்தான். எடுக்கிற புரோகிராமும் புதிதாகத்தானே தொடங்க வேண்டும்! எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பழைய கெர்னல் இருந்த டிஸ்கெட்டை எடுத்தேன். “அஞ்சே நிமிஷம் பாஸ். மெஷினை அடைச்சிட்டு இதுல ஆன் பண்றேன்.”

“ஆன் பண்றதா? அது புதுசா ஆரம்பிக்கிறதும்மா. வேணாம்.”

கெஞ்சிப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் டெண்டர் அழகாக அச்சாகி வந்தது. யாருக்கு வேண்டும்?

மூன்றாம் மாதக் கடைசியில் வேலை திவாகருக்கு என்றார்.

“அவனாலதானே பாஸ் டெண்டர் போச்சு!”

“போனா வேற வரும். ராகு காலத்துல நானே அடின்னு சொன்னேன், அசைஞ்சுதா பாத்தியா? உன்னோடதா இருந்தா, நான் சொன்னதும் நிறுத்தியிருப்ப.”

“நிறுத்தியிருப்பேன் பாஸ்,” என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அதாம்மா,” என்று வேலைநீக்கக் கடிதத்தை நீட்டினார்.